நடு அச்சு

ஜெபாவுக்கு வேலை கிடைத்த செய்தி வியாழக்கிழமை வந்தது. கேளம்பாக்கத்தில் ஒரு கம்பெனி. போனில் வரும் புகார்களைக் கேட்டுப் பதிந்து வைக்கும் வேலை. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சேர வேண்டும். அதே திங்கட்கிழமை பத்து மணிக்கு, செங்கல்பட்டில் அவள் படிக்கும் எம்.எஸ்சி. இயற்பியல் முதலாண்டு வகுப்பில், அவளே பாடம் நடத்த வேண்டியிருந்தது.

அது அவள் கேட்டு வாங்கியதல்ல. கிளாசிக்கல் மெக்கானிக்ஸ் எடுத்துவந்த கௌரவ விரிவுரையாளர் ஆயுதபூஜை விடுமுறைக்குப் பிறகு வரவே இல்லை. வேறெங்கோ நிரந்தர வேலை கிடைத்துவிட்டதாகச் சொன்னார்கள். தேர்வோ நெருங்கிவிட்டது. வகுப்பில் இருந்த பதினொரு பேரும் பாடத்தை ஆளுக்கொரு பகுதியாகப் பிரித்துக்கொண்டார்கள். சீட்டுக் குலுக்கியதில் ஜெபாவுக்கு விழுந்தது திண்மப்பொருளின் சுழற்சி.

கணக்கு அவளுக்குப் பயமில்லை. ஆனால் ஓர் இடத்தில் கால் மாட்டிக்கொண்டது. செங்கல் மாதிரியான ஒரு பொருளுக்கு மூன்று அச்சு: நீளவாட்டில் ஒன்று, தடிமனில் ஒன்று, இரண்டுக்கும் நடுவே அகலவாட்டில் ஒன்று. முதல் இரண்டைச் சுற்றிச் சுழற்றினால் ஒழுங்காகச் சுழலும். நடு அச்சைச் சுற்றிச் சுழற்றினால் புரண்டுவிடும். சின்ன ஆட்டம் வளர்ந்துகொண்டே போகும் என்று புத்தகம் நாலு வரியில் நிரூபித்துவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விட்டது.

வளரும், சரி. வளர்ந்து எங்கே போய் நிற்கும்?

வெள்ளி, சனி இரண்டு நாளும் அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரியில் இருந்த வீட்டின் ஒற்றை அறையில் சுவருக்குச் சுவர் நடந்தாள். டிவி ரிமோட்டைத் தூக்கிப் போட்டுப் போட்டுப் பிடித்தாள்.

"இன்னாடி பண்ற? ஒடைஞ்சா உங்கப்பா வுடமாட்டாரு" என்றாள் அம்மா பொன்னி.

"மா, இங்க பாரேன். பட்டன் மேல பாத்துகினு இருக்கு. ஒரு சுத்து சுத்தி கைக்கு வரும்போது கீழ பாக்குது. எல்லா வாட்டியும்."

"பாத்துட்டுப் போவுது. திங்கக்கிழம ஆபீசுக்கு இன்னா போட்டுகினு போற, அத்த சொல்லு."

ஜெபா ரிமோட்டை மறுபடி தூக்கிப் போட்டாள். வேலைக்குப் போனால் படிப்பை விட்டுவிட வேண்டும் என்பது அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத விஷயம். சேருகிறேன் என்று அவளும் சொல்லவில்லை, சேரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. அம்மா புது சுடிதாரை இஸ்திரி போட்டு மாட்டி வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பிரசங்கம் ஓடிக்கொண்டிருந்தது. ஜெபா விரலால் மடியில் சமன்பாடு எழுதிக்கொண்டிருந்தாள். ஆற்றல் மாறாது. கோண உந்தமும் மாறாது. இரண்டையும் வேறு வேறு பக்கங்களில், வேறு வேறு நாட்களில் படித்திருந்தாள். படமாகப் போட்டால் ஒன்று கோளம், இன்னொன்று முட்டை வடிவம். பொருள் ஒரே நேரத்தில் இரண்டின் மேலும் இருந்தாக வேண்டும். அப்படியானால் அந்த இரண்டு பரப்பும் வெட்டிக்கொள்கிற கோட்டை விட்டு அது எங்கேயும் இறங்க முடியாது!

ஆராதனை முடிந்ததும் பஸ் ஸ்டாண்டு கடையில் ஒரு பிளாஸ்டிக் பந்து வாங்கினாள். வீட்டுக்கு வந்து ஸ்கெட்ச் பேனாவால் அதன் மேல் கோடுகளை வரைந்தாள். நீள அச்சைச் சுற்றியும் தடிமன் அச்சைச் சுற்றியும் சின்னச் சின்ன வளையங்கள். நடு அச்சில் மட்டும் வளையமே இல்லை. கோடுகள் அங்கே வந்து குறுக்கே வெட்டி, பந்தின் மறுபக்கத்துக்கு ஓடின. பொருள் புரண்டு மறுபக்கம் போகும்; திரும்ப இங்கேயே வரும்; மறுபடி போகும். தரையில் உட்கார்ந்து அந்தப் பந்தைப் பார்த்துக்கொண்டே இருந்தவளுக்கு ஏனோ அழுகை வந்தது.

திங்கட்கிழமை காலை அப்பா பெஞ்சமின் அவளைப் பைக்கில் ஏற்றி மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டில் விட்டார். ஹோட்டல் ஒன்றில் வேன் டிரைவர் அவர். "தைரியமா பேசு" என்று சொல்லிவிட்டு, ஏர்போர்ட்டுக்கு ஆள் ஏற்றப் போய்விட்டார்.

கேளம்பாக்கம் பஸ் வந்தது. ஜெபா ஏறவில்லை. அடுத்ததும் வந்தது.

"ஏம்மா, ஏர்றியா இல்லியா?" என்றார் கண்டக்டர்.

தலையை ஆட்டினாள். எதற்கு ஆட்டினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. பஸ் போய்விட்டது. கம்பெனியில் தன்னைத் தேர்வு செய்த சிநேகாவுக்குப் போன் போட்டாள்.

"மேடம், நாளைக்கு வந்து சேரலாமா?"

"டிரெயினிங் இன்னைக்கு ஆரம்பிக்குதும்மா. நீங்க வரலைன்னா அந்த இடத்த வேற ஒருத்தருக்குக் குடுத்துடுவோம்."

"சரிங்க மேடம்" என்று வைத்துவிட்டு, செங்கல்பட்டு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள். பைக்குள் வைத்திருந்த பந்தை எடுத்து, திருக்கழுக்குன்றம் வரைக்கும் அதன் கோடுகளையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

வகுப்பில் ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள். இரண்டு வாக்கியத்துக்கு மேல் நகரவில்லை. யாரோ சிரித்தார்கள். டஸ்டரைத் தூக்கிப் போட்டுப் பிடித்துக் காட்டிவிட்டு, பந்தைக் கையில் எடுத்துத் தமிழுக்கு மாறினாள். அதற்கப்புறம் வார்த்தைக்குத் தேட வேண்டியிருக்கவில்லை.

முதல் வரிசையில் இருந்த ஹர்ஷவர்தன் கையை உயர்த்தினான். திருக்கழுக்குன்றத்துப் பையன், வகுப்பிலேயே அதிக மார்க் வாங்குகிறவன். "ஆட்டம் வளர்றதுன்னு ஈக்வேஷன் சொல்றது. திரும்பி வர்றதுன்னு நீ சொல்றே. எது சரி?"

"ரெண்டும் சரி. ஆட்டம் சின்னதா இருக்கிற வரைக்கும்தான் அந்த ஈக்வேஷன். பெருசாயிட்டா அதுக்கு ஒண்ணும் தெரியாது. அதுக்கப்புறம் இந்தக் கோட்டப் பாரு."

அவன் எழுந்து வந்து பந்தை வாங்கினான். ஒரு கோட்டின் மேல் விரலை வைத்து மெதுவாக நகர்த்தினான். விரல் மறுபக்கம் போய்ச் சேர்ந்தது. அப்படியே கோட்டோடு சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தது.

"அடுத்த வாரம் ஹாமில்டனியன் பாடம் என்னோடது" என்றான், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில். "மனப்பாடம் பண்ணிண்டிருக்கேன். ஒண்ணும் புரியலை. நீயும் கூட உக்காந்து பாக்கறியா?"

அவன் அப்படிக் கேட்டதில் வந்த மகிழ்ச்சி பூஞ்சேரி நிறுத்தத்தில் இறங்கும் வரைதான் இருந்தது. "ஆபீசு எப்டி கீது? ஏசி போட்டு கீறாங்களா?" என்று வாசலிலேயே கேட்டாள் அம்மா. ஜெபா நடந்ததைச் சொன்னாள். அம்மா திட்டவில்லை. பின்பக்கம் போய்ப் பாத்திரம் தேய்த்தாள். ஏற்கெனவே தேய்த்து வைத்திருந்ததையும் எடுத்துத் தேய்த்தாள்.

இரவு சாப்பிடும்போதுதான் அப்பா பேசினார். "என்னாண்ட சொல்லியிருந்தா நானே உன்ன செங்கல்பட்டு பஸ்ஸுல ஏத்தி வுட்டிருப்பேன். நீ வேலைக்குப் போறன்னு வண்டில வந்த ஆளுங்க கிட்டல்லாம் சொல்லிகினு இருந்தேன்."

ஜெபா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

மூன்றாவது வாரம், ஒரு சனிக்கிழமை, சிநேகா மறுபடி கூப்பிட்டாள். புதிதாக ஆள் எடுக்கிறார்களாம். ஜெபாவின் பெயர் இன்னும் பட்டியலில் இருக்கிறதாம். அம்மா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். அப்பா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். ஜெபா போனைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"கேளம்பாக்கத்துலருந்து. வரச் சொல்றாங்க. வரலன்னு சொல்லப்போறேன்."

அப்பா சட்டைப் பட்டனைப் போடுவதை நிறுத்தினார். அம்மா கத்தியைக் கீழே வைத்தாள்.

"பரீட்ச முடிஞ்சப்புறம் எடுத்துப்பாங்களா, கேளு" என்றாள் அம்மா.

கேட்டாள். சொல்ல முடியாது என்றாள் சிநேகா.

"சொல்ல முடியாதாம், மா."

அம்மா அவளையே பார்த்தாள். கோபம் இன்னும் மிச்சமிருந்தது. "எங்க மூஞ்சியப் பாத்துச் சொல்றல்ல," என்றாள், "அத்தயே அந்தப் பொண்ணாண்டயும் சொல்லு."

ஜெபா போனைக் காதில் வைத்தாள். "வேலைக்கு வரல மேடம்" என்று ஆரம்பித்து நடுவில் தடுமாறினாள். ஆனாலும் முழுசாகச் சொல்லி முடித்தாள்.