சாம்பல் ஊரைக் கடக்கும் விலை

"எல்லாம் மறந்துபோச்சுன்னா மனுஷன் செத்ததுக்குச் சமமா, இல்ல அப்பத்தான் உசுரு வருமா?" என்று அக்கா ஒருநாள் தங்கையைக் கேட்டாள்.

காலர் துண்டுகளை அடுக்கிக்கொண்டே, கத்தரிக்கோல் எங்கே என்று கேட்பதுபோலக் கேட்டாள். தங்கை பதில் சொல்லவில்லை. அவள் எதற்குத்தான் பதில் சொன்னாள்? வாயைத் திறந்தால் உள்ளே இருப்பதை யாராவது எடுத்துக்கொண்டு ஓடிவிடுவார்கள் என்பதுபோல மூடிக்கொண்டே வளர்ந்தவள். அதனாலேயே அவளுக்குக் கேலியாக வாயாடி என்று பேர் வைத்திருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் டீச்சர் எழுப்பிவிட்டுப் பாடத்தை வாசிக்கச் சொன்னால் தொண்டைக்குள் எதுவோ வந்து உட்கார்ந்துகொள்ளும். வகுப்பே சிரிக்கும். ஒன்பதாவது பாதியில் ஒருநாள் பையைத் தூக்கிக்கொண்டு வந்தவள்தான், அப்புறம் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. இப்போது அட்டைப்பெட்டிப் பட்டறையில் வேலை. அட்டையை மடித்துப் பசை தடவி ஒட்டுகிறவளுக்குப் பேச்சு எதற்கு?

அக்காவின் கேள்வி மட்டும் காதுக்குள் போன எறும்புபோலக் குடைந்துகொண்டே இருந்தது. அக்கா எதை நினைத்துக் கேட்கிறாள் என்று அவளுக்குத் தெரியும்.

அத்தான் பழைய ஃபிரிட்ஜ்களை வாங்கி ரிப்பேர் பார்த்து விற்கிறவர். கடைக்கு எந்த ஃபிரிட்ஜ் வந்தாலும் முதல் வேலையாகக் கதவைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிடுவார். ஒரே ஒரு நாள், வந்தது பார்க்கப் புதிதுபோல இருக்கிறதே, அப்படியே தள்ளிவிடலாமே என்று கழற்றாமல் விட்டார். பழைய காலத்து மாடல். மூடினால் வெளியிலிருந்துதான் திறக்கும். அக்காவின் மூன்று வயதுப் பையன் ஒளிந்து விளையாட அதற்குள் போய் உட்கார்ந்துகொண்டான். தெரு முழுக்கத் தேடினார்கள். கடையைக் கடைசியாகத்தான் பார்த்தார்கள்.

அன்றிலிருந்து அக்கா பையனைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அழுததும் இல்லை. அத்தான் பேச்சை அந்தப் பக்கம் திருப்பினால் போதும், தையல் மெஷினின் பெடலை ஓங்கி மிதிப்பாள். மோட்டார் சத்தத்தில் அவர் குரல் அமுங்கிவிடும். இரண்டு வருஷமாக அந்த வீட்டில் நடந்தது இதுதான்.

போன மாதம் அத்தான் மாடிப்படியில் வாயாடியை நிறுத்திச் சொன்னார். "உங்கக்கா ஒரே ஒரு தடவ அவனப் பத்திப் பேசட்டும். என்னத் திட்டட்டும், செருப்பால அடிக்கட்டும். இப்படியே ஊமையா இருந்தாள்னா என்னால இங்க இருக்க முடியாதும்மா. எங்கயாவது போயிடுவேன்."

அவர் போய்விட்டால் அக்கா என்ன ஆவாள் என்று வாயாடி அன்று முழுக்க நினைத்துக்கொண்டே அட்டை ஒட்டினாள். தானே பேசி இரண்டு பேரையும் சேர்த்துவைப்பது அவளால் ஆகிற காரியமா? ஆனால் ஓர் ஆட்டத்தைச் செய்ய முடியும் என்று தோன்றியது.

பட்டறைக்கு வரும் ஆர்டர்களில் விளையாட்டுச் சாமான் பெட்டிகளும் உண்டு. அச்சுப் பிசகிக் கழித்துப்போட்ட விதித்தாள்களை வீட்டுக்கு எடுத்துவந்து எழுத்து விடாமல் படிப்பாள். அதில் ஒருவகை ஆட்டம் அவளுக்குப் பிடித்துப்போயிற்று. ஒருவர் கதை சொல்ல வேண்டும், மற்றவர்கள் கதைக்குள் ஆளாக மாறி, நான் இங்கே போகிறேன், இதைச் செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டு போக வேண்டும். அதைத் தன் போக்கில் வளைத்தாள். வெட்டுத்துண்டு அட்டைகளின் முதுகில் ஓர் ஊரை எழுதி எழுதி அடித்தாள்.

சாம்பல் மூடிய ஊர். கூரை பறந்துபோன பஸ் நிலையம், கண்ணாடியெல்லாம் உருகி வழிந்த ஆஸ்பத்திரி, தண்ணீர் இல்லாத ஆறு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் மட்டும் பச்சை இருக்கிறது. ஆனால் வழி நெடுகக் காவல். காவல்காரர்கள் ஞாபகத்தைத்தான் கூலியாக வாங்குவார்கள். சீட்டில் எழுதிய ஞாபகத்தைக் கொடுத்தால் கதை சொல்பவர் ஒருமுறை உரக்கப் படித்துக் கிழித்துப்போடுவார். அதற்கப்புறம் அதைப் பற்றி யார் என்ன கேட்டாலும் கொடுத்தவர் 'தெரியாது' என்றுதான் சொல்ல வேண்டும். வாய்தவறி வேறு எதையாவது சொன்னால் ஆள் சாம்பல்.

முதல் ஒத்திகையைக் கீழ்வீட்டு அண்ணனோடு பார்த்தாள். பல்செட் செய்து கொடுக்கிறவர். பட்டப்பேரும் பல்செட்டுதான். அவர் தன்னை மகாராஜா என்று எழுதிக்கொண்டார். அரண்மனை, யானை, ஏழு ராணிகள் என்று எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே காவல்காரனிடம் வாரி வழங்கினார். ஆட்டம் சப்பென்று போய்விட்டது. இல்லாததைக் கொடுக்க யாருக்கு வலிக்கும்? அன்றே விதியை மாற்றினாள். ஞாபகம் சொந்தமானதாக இருக்க வேண்டும், உண்மையாக நடந்திருக்க வேண்டும். ஆளுக்கு நாலு சீட்டு. உண்மையானதை யாரும் லேசில் விடமாட்டார்கள், கெட்டியாகப் பிடித்துக்கொள்வார்கள், விடாமல் இருப்பதற்காகவாவது பேசுவார்கள் என்பது அவள் போட்ட கணக்கு.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அத்தானும் பல்செட்டும் வாயாடியும் துணி வெட்டும் பலகையை நடுவில் போட்டு உட்கார்ந்தார்கள். அக்கா வருவாள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. தானாகவே வந்து நாலு சீட்டை வாங்கி, ஓரமாகத் திரும்பிக்கொண்டு மளமளவென்று எழுதினாள். அத்தான் பேனாவைக் கடித்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார்.

வாயாடி கதையைத் தொடங்கினாள். சாம்பல் ஊருக்குள் நுழைந்ததும் தொண்டையில் உட்காருவது ஏனோ அன்று வரவில்லை.

"அடேங்கப்பா, இவளுக்குக் குரல்னு ஒண்ணு இருக்கா!" என்றார் பல்செட்டு. "நான் இவ்வளவு நாளா சைகைலதானே பேசிட்டிருந்தேன்."

பஸ் நிலையக் காவலில் அவர்தான் முதலில் கொடுத்தார். வாயாடி படித்தாள். "நான் செய்த முதல் பல்செட், மாப்பிள்ளையின் அப்பா தும்மியதில் பறந்துபோய் மணப்பெண் மடியில் விழுந்தது." கிழித்தாள்.

"அண்ணே, அந்தப் பல்லு அப்புறம் கெடச்சுதா?" என்றார் அத்தான்.

"கெடைக்காம? கழுவி அங்கயே மாட்டிவிட்டேனே!"

"சாம்பல்," என்றாள் வாயாடி.

"போச்சுடா! என் வாய்க்கு முதல்ல ஒரு செட்டு செஞ்சு பூட்டணும்." சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டார். அத்தான் சிரித்தார். அவர் சிரித்தே எத்தனை காலமாயிற்று என்று வாயாடி நினைத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரி வாசலில் அத்தானின் முறை. நாலு சீட்டையும் மார்போடு அணைத்துக்கொண்டார். "நான் தரமாட்டேன். இங்கயே உக்காந்துக்கறேன்."

"உக்காந்தா தண்ணி கெடைக்காது அத்தான். செத்துடுவீங்க."

"சாவறேன்."

"அவருக்கும் சேத்து நான் தரேன்," என்று அக்கா ஒரு சீட்டை நீட்டினாள்.

வாயாடி வாங்கிப் படித்தாள். "ஃபிரிட்ஜுக்கு அவன் வைத்த பேர் குளிரு வீடு."

அத்தானின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அக்கா பேசிவிட்டாள், எழுத்தில்தான் என்றாலும் பேசிவிட்டாள். வாயாடி சீட்டைக் கிழித்தாள்.

"ஆமா, குளிரு வீடு!" என்றார் அத்தான். "கதவத் தெறந்து தலைய உள்ள விட்டுட்டு நிப்பானே, ஞாபகம் இருக்கா?"

"தெரியாது," என்றாள் அக்கா.

விதிப்படி சரியான பதில்தான். ஆனால் அதைச் சொன்ன விதம்! மூட்டையை இறக்கிவைத்தவள்போலத் தோளைத் தளர்த்திக்கொண்டாள். அடுத்த காவல் வருவதற்குள்ளேயே அடுத்த சீட்டை நீட்டினாள். "காய்ச்சல் வந்த அன்று என் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டே தூங்கினான்." அதற்கடுத்தது. "செருப்பை எப்போதும் கால் மாற்றித்தான் போடுவான்."

"ஏய், அதெல்லாம் குடுக்காதடி," என்றார் அத்தான். "என்னுத எடுத்துக்கோ. இந்தா, எல்லாத்தையும் எடுத்துக்கோ."

"எனக்கு எதுக்கு?"

"சரி, ஆட்டம் வேணாம். எழுந்திரு. செருப்ப நீதான சரியா மாத்தி மாட்டிவிடுவ? சொல்லு, உனக்குத் தெரியும்ல?"

"தெரியாது."

"அவன் பேரு?"

"தெரியாது."

ஒவ்வொரு 'தெரியாது'வுக்கும் அக்காவின் முகம் ஒரு சுற்று இளைத்து, சின்னப் பெண்ணின் முகம்போல ஆகிக்கொண்டிருந்தது. தன் கணக்கு எங்கே தப்பியது என்று வாயாடிக்கு அப்போதுதான் உறைத்தது. ஞாபகத்தை எல்லோரும் சொத்து என்று நினைப்பார்கள் என்றல்லவா விதி எழுதினாள்? விட்டால் போதும் என்று ஒருத்தி வந்து உட்காருவாள் என்று அவள் நினைத்துப் பார்க்கவே இல்லை.

"எல்லாச் சீட்டும் தீந்துட்டா என்னடி ஆகும்?" என்று அக்கா கேட்டாள்.

அதற்கு விதி இல்லை. யாரும் அதுவரை போகமாட்டார்கள் என்று விட்டுவிட்டிருந்தாள். கதை சொல்பவள் விழிக்கக் கூடாதே என்று வாய்க்கு வந்ததைச் சொன்னாள். "காவல்காரங்க நிறுத்தமாட்டாங்க. வாங்க ஒண்ணும் இல்லையே. யாரையும் தெரியாது, எங்க வேணும்னாலும் போலாம்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அக்கா கடைசிச் சீட்டை நீட்டினாள்.

"வாயாடி பிறந்தபோது அம்மா அவளை முதலில் என் மடியில்தான் போட்டாள்."

படித்து முடித்ததும் வாயாடி கிழிக்கவில்லை. சீட்டை உள்ளங்கையில் பொத்திக்கொண்டாள்.

"கிழி," என்றாள் அக்கா.

"வேணாம்க்கா."

"நீ வெச்ச விதிதான?"

"தங்கச்சி, இது வெளையாட்டும்மா," என்றார் பல்செட்டு. நீட்டியிருந்த காலை மடக்கி எழுந்து உட்கார்ந்திருந்தார். "போதும், நிறுத்திக்குவோம்."

அக்கா குனிந்து தங்கையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். கோபமாக இல்லை, ரொம்பப் பொறுமையாகப் பிரித்தாள். சீட்டை எடுத்து நேர்பாதியாகக் கிழித்துப் பலகைமேல் வைத்தாள்.

அத்தான் முழங்காலில் நகர்ந்து வந்து வாயாடியின் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார். "இவளப் பாரு. என்ன விடு, அவன விடு. இவ யாரு? இதுக்கும் தெரியாதும்பியா?"

அக்கா பார்த்தாள். தெருவில் வழி கேட்க நிற்கிற பெண்ணைப் பார்ப்பதுபோல, வெறுப்பில்லாமல், பிரியமும் இல்லாமல் பார்த்தாள். வாயாடி காத்திருந்தாள். 'தெரியாது' என்ற அந்த ஒரு சொல் வந்தால்கூடப் போதும், ஆட்டம் இன்னும் நடக்கிறது என்று நினைத்துக்கொள்ளலாம்.

அக்கா மடியிலிருந்த நூல்பிசிறுகளைத் தட்டிவிட்டு எழுந்தாள். வாசலில் கிடந்த செருப்பை மாட்டிக்கொண்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் படியிறங்கிப் போனாள்.