மெத்தை விளம்பரத்துக்கு ஒரு ஹம்மிங்

தையல் கடையில் பொத்தான் துளை போட்டுக்கொண்டிருந்த அக்காவுக்குத் தொலைக்காட்சியில் அம்மாவின் குரல் கேட்டது. மெத்தை விளம்பரம். வெள்ளை விரிப்பில் யாரோ சுகமாகத் தூங்க, பின்னணியில் அம்மா ராகம் இழுத்துக்கொண்டிருந்தாள். அம்மா போய்ச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

விளம்பரங்களுக்கு இசை போடுவது தம்பியின் பிழைப்பு. துணியை அப்படியே போட்டுவிட்டு அவனுடைய ஸ்டுடியோவுக்குப் போனாள்.

அவன் மழுப்பவில்லை. அம்மாவின் குரலை ஏற்றி வைத்திருந்த சிந்தசைசர் கீபோர்டைப் பெருமையாகவே காட்டினான்.

"உன் வீட்டுக்கு வந்தேனே ஒரு ஞாயித்துக்கிழமை, அன்னைக்கு போன்ல பதிவு பண்ணது. நீ மாடில துணி காயப்போடப் போயிருந்த. அம்மா தானா பாடிட்டு இருந்தா."

அம்மா படுக்கையில் கிடந்த காலத்தில் அவன் வந்தது அந்த ஒரு நாள்தான்.

ஒரு கட்டையை அழுத்தினான். ஒலி சட்டென்று எழாமல் ஊற்றுநீர்போல மெல்லக் கசிந்து வந்தது. விரலை எடுத்த பிறகும் தேய்ந்து தேய்ந்து ஒலித்தது.

"அம்மா எங்கடா இப்படிப் பாடினா? ஒரு வரிக்குள்ள நாலு தடவை இருமுவா."

"அதுக்குத்தான் என்வலப்." வரிசையாக இருந்த குமிழ்களைத் தொட்டான். "சத்தம் எப்படி எழணும், எவ்வளவு நேரம் நிக்கணும், எப்படி அடங்கணும், எல்லாம் நாமளே வச்சுக்கலாம். இருமல் இல்லாத துண்டை மட்டும் திரும்பத் திரும்பச் சுத்த விட்டிருக்கேன். ஆரம்பத்துல ஏதோ பேச்சு ஒட்டிட்டு இருந்துச்சு. மெதுவா எழ வச்சும் லேசா கேட்டுச்சு, அதனால வெட்டிட்டேன்."

"என்ன பேச்சு?"

"உன்னைத்தான் கூப்பிட்டா. பெரியவளே, இங்க வான்னு. அப்புறம் ஏதோ சொன்னா."

"பெரியவளேன்னா கூப்பிட்டா?"

"ஆமா. ஏன்?"

"அதைப் போடு."

குமிழைத் திருப்பிக் கட்டையை அழுத்தினான். 'டக்' என்று ஒரு வெட்டுச் சத்தம், உடனே ராகம். அதற்கு முன்னால் எதுவும் இல்லை.

"முழுசும் பழைய போன்ல இருந்துச்சுக்கா. அதை மாத்திட்டேன். சும்மா கூப்பிட்டதுதானே, அதுல என்ன இருக்கு?"

"கடைசி ஆறு மாசம் அவ என்னை நர்ஸம்மான்னுதான்டா கூப்பிட்டா. நான் யாருன்னே அவளுக்குத் தெரியல."

அவன் கை குமிழிலிருந்து இறங்கியது. "நீ சொல்லவே இல்லையே."

"வந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

விளம்பரத்தை நிறுத்தச் சொல்கிறேன் என்று படி வரைக்கும் பின்னாலேயே வந்தான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு எத்தனையோ முறை போன் செய்தான். ஒரு நாள் எடுத்து, "அவ சொன்னது முழுசா ஞாபகம் வந்தா மட்டும் கூப்பிடு" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

சில வாரம் கழித்துக் கூப்பிட்டான்.

"ஞாபகம் வந்துடுச்சுக்கா. பெரியவளே, இங்க வா, எனக்காக ரொம்பக் கஷ்டப்படுற கண்ணுன்னு சொன்னா."

அம்மா தன் வாழ்நாளில் யாரையும் கண்ணு என்று அழைத்தவள் இல்லை.

"இதையும் நீயே செஞ்சியாடா?" என்று கேட்டாள் அக்கா.