முதலில் திறக்கவும்

எங்கள் வீட்டுத் தொழில், அடுத்தவர் வீட்டைக் காலி பண்ணுவது. பதற வேண்டாம், வீடு மாற்றிக் கொடுக்கும் கம்பெனி. அப்பா பேக்கிங், அண்ணன் லாரி, அம்மா போன். நீங்கள் காப்பி குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தால் அடுத்த நிமிஷம் அது பெட்டிக்குள் இருக்கும். அப்பாவின் கை அப்படி. ஒவ்வொரு பெட்டி மேலும், புது வீட்டில் அது எந்த அறைக்குப் போகணும் என்று கொட்டை எழுத்தில் எழுதுவார். எல்லாம் முடிந்ததும் கடைசியாக ஒரு பெட்டி கட்டுவார். அதில் மட்டும் 'முதலில் திறக்கவும்' என்று இருக்கும். கெட்டில், டம்ளர், டீத்தூள், சர்க்கரை, துண்டு, ஒரு பல்பு. புது வீட்டில் நுழைந்ததும் ஆசாமி தடுமாறக் கூடாதாம்.

இந்தக் கம்பெனியில் எனக்கு வேலை கிடையாது. நான் சண்டை போடுவேன். சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே. ஒரு விஷயம் எனக்குப் பிடித்துவிட்டால் அதைப் பற்றி யாரோடாவது மல்லுக்கட்டாமல் எனக்குச் சோறு இறங்காது. வீட்டில் என் பெயர் பட்டாசு. அப்பா வைத்த பெயர்.

பல்கலைக்கழகத்துக்கு முந்தின பெரிய பரீட்சை ரிசல்ட் வந்த அன்று வீடே தலைகீழ். நினைத்ததைவிட நல்ல மார்க்கு. அம்மா போனில் பேசின அத்தனை வாடிக்கையாளருக்கும் சொன்னாள். "மூணாவது மாடியா? லிஃப்ட் இருக்குங்களா? ஃப்ரிட்ஜ் பெருசா? எங்க பொண்ணு பாஸ் பண்ணிட்டாங்க, ஆமாங்க, சூப்பர் மார்க்கு, பீரோ எத்தனைங்க?" அண்ணன் லாரி ஹாரனை அடித்து அடித்துத் தெருவையே எழுப்பினான். அப்பா என் தலையைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டினார். அவருக்கு அதுதான் பாராட்டு விழா.

பாலம் கட்டும் படிப்புக்கு இரண்டு இடம் கிடைத்தது. ஒன்று உள்ளூர். ஒரே பஸ், பேர் சொன்னால் நாலு பேருக்குத் தெரியும், சிநேகிதிகள் பாதிப் பேர் அங்கேதான். இன்னொன்று வெளிநாடு. கடல் தாண்டி, குளிர் ஊர், தெரிந்த முகம் ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் உதவித்தொகையோடு கூப்பிட்டிருந்தார்கள்.

வெளிநாட்டுக்கான இன்டர்வியூ லேப்டாப்பில் நடந்தது. அந்தப் பேராசிரியை அம்மாள் ஒரு பாலத்தின் படத்தைக் காட்டி, பாரம் ஏறினால் முதலில் எங்கே விட்டுக்கொடுக்கும் என்று கேட்டார். நான் ஒரு இடத்தைச் சொன்னேன். இல்லை என்றார். இல்லையாவது? பேப்பரை எடுத்து, கேமரா முன்னால் நீட்டி, கோடு போட்டுக் காட்டி, ஐயோ, அவர் ஒன்று சொல்ல நான் ஒன்று சொல்ல, அம்மா கதவோரம் நின்று கையெடுத்துக் கும்பிட்டு 'அடங்குடி' என்று ஜாடை காட்டினாள். கடைசியில் தப்பு என்னுடையதுதான். ஆனால் அதைக் கண்டுபிடித்ததும் நான்தான். பேராசிரியை விழுந்து விழுந்து சிரித்தார். அன்றைக்கு இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன்.

எனக்கு எது வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. அந்தக் குளிர் ஊர்தான் வேண்டும்.

அடுத்த வாரம் லாரி ஷெட்டுக்கு அண்ணனின் சாப்பாட்டைக் கொண்டுபோனேன். உள்ளே அப்பா பேசிக்கொண்டிருந்தார். "அவ போயிட்டா வீட்ல சத்தமே இருக்காதுடா" என்றார். அண்ணன், "நிம்மதியா இருக்கும்பா" என்று சிரித்தான். அப்பா சிரிக்கவில்லை. டேப் உருளையைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார். சாப்பாட்டுப் பையை லாரி படியில் வைத்துவிட்டு ஓசைப்படாமல் திரும்பிவிட்டேன்.

உள்ளூர் பல்கலைக்கழகத்தில், வந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்று ஒரு நாள் வைத்திருந்தார்கள். அப்பா இஸ்திரி போட்ட சட்டையில் லாரியை எடுத்தார். வாசலில் காவலாளி மறித்து, "டெலிவரியா? பின்பக்கம் போங்க" என்றான். "டெலிவரிதான் தம்பி. பொண்ணை" என்றார் அப்பா.

உள்ளே ஒரு விரிவுரையாளர் நல்ல மாதிரியாகச் சுற்றிக் காட்டினார். முதல் இரண்டு வருஷம் பாடம் மட்டும், ஆய்வுக்கூடம் அதற்கப்புறம் என்றார். "சரி சார்" என்றேன். நூலகத்தைக் காட்டினார். சரி சார். கேன்டீன், பஸ் நேரம், எல்லாவற்றுக்கும் சரி சார். இடத்தின் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. வீட்டுக்கு வரும் வழியில், ஒவ்வொரு வளைவிலும் அப்பா என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

மறுநாள் மதியம் சாப்பிடும்போது சொல்லிவிட்டேன். "நான் உள்ளூர்லயே படிக்கிறேன்."

அம்மா கரண்டியோடு நின்றாள். அண்ணன், "மேடம் எதுக்குத் திடீர்னு இறங்கி வந்துட்டீங்க?" என்றான். "வீட்டுச் சாப்பாடு முக்கியம்" என்றேன். எங்கள் வீட்டுச் சாப்பாட்டைப் பற்றித் தெரிந்தவர்கள் யாரும் அதை நம்ப மாட்டார்கள். அப்பா தட்டைப் பார்த்தபடி, "உனக்குச் சரின்னா சரிதான்" என்றார்.

சனிக்கிழமை இரண்டு இடத்துக்கும் பதில் சொல்லக் கடைசி நாள். உள்ளூரில் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். காலையிலேயே கிளம்பிவிட்டேன். பஸ்ஸில் போகும்போது அப்பா வீட்டிலிருந்து போன் மேல் போன் பண்ணினார். எல்லாவற்றையும் கட் பண்ணினேன். அவர் குரலைக் கேட்டால் பஸ்ஸிலேயே அழுதுவிடுவேன் என்று பயம். வரிசையில் நின்று, என் முறை வந்தபோது கவுன்டர்க்காரி, "போட்டோ ரெண்டு குடுங்க" என்றாள். மேஜை டிராயரில் பத்திரமாக வைத்திருந்தேன். அங்கேயே பத்திரமாக இருந்தது.

"சாயந்திரம் வரைக்கும் இருப்போம், போய் எடுத்துட்டு வாங்க" என்றாள். என்னை நானே திட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடி வந்து, என் அறைக் கதவைத் திறந்தேன்.

அறை இல்லை. அதாவது நாலு சுவர் இருந்தது, அவ்வளவுதான். கட்டில் இல்லை, மேஜை இல்லை. திரைச்சீலை இல்லை, அது தொங்கின கம்பியும் இல்லை. விளக்கு இருந்த இடத்தில் வெறும் ஹோல்டர். ஹாலில் சுவரோரம் அட்டைப்பெட்டிகள் அடுக்கடுக்காக நின்றன. கழற்றின அலமாரி, கயிறு கட்டிப் போர்வை சுற்றிப் படுத்திருந்தது. நடுவில் அப்பா, பல்லில் டேப்பைக் கடித்தபடி.

"என்னப்பா பண்றீங்க! என் போட்டோ எங்க?"

"பெட்டியில இருக்கு."

"எந்தப் பெட்டியில?"

அப்பா சுற்றிலும் பார்த்தார். எந்தப் பெட்டியைத் திருப்பினாலும் மேலே 'பட்டாசு ரூம்' என்றே எழுதியிருந்தது. ஒரே அறைச் சாமானை ஒரே அறைக்கு அனுப்பினால் வேறு என்ன எழுதுவது?

"அவகிட்ட வாயைத் திறந்து சொல்லுங்கன்னேன்" என்று அம்மா அடுப்படியிலிருந்து கத்தினாள். "கேட்டாதானே! காலையில ஆரம்பிச்சவரு, பல்பைக் கூட விடலை!"

"என்ன சொல்லணும்?" என்றேன்.

அப்பா டேப்பை வாயிலிருந்து எடுத்தார். "நீ அங்க யார்கூடவும் சண்டை போடலை" என்றார்.

"எங்க?"

"அன்னிக்கு, உள்ளூர் காலேஜ்ல. அந்த வாத்தியார் என்ன சொன்னாலும் சரி சார், சரி சார். நீ பொறந்ததுல இருந்து ஒருத்தருக்கும் ரெண்டு தடவை சேர்ந்தாப்பல சரி சொன்னதில்ல. அந்த கம்ப்யூட்டர் அம்மாகிட்ட என்ன போடு போட்ட! தெரு முழுக்கக் கேட்டுச்சு." டேப்பைப் பெட்டி மேல் வைத்தார். "நீ யாருக்காக இங்க இருக்கேன்னு சொல்றேன்னு எனக்குத் தெரியாதா? வீட்ல சத்தம் இல்லாட்டி இல்லாமப் போகட்டும். நீ சத்தம் இல்லாம இருக்கிறதை என்னால பாக்க முடியாதும்மா."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மறைக்கவும் இல்லை. என் அப்பாவுக்கு நான் வேண்டும். எனக்கு அந்த ஊர் வேண்டும். அது தெரிந்தே அந்த மனுஷன் என் கட்டிலைக் கழற்றியிருக்கிறார்.

"பாத்துட்டே இருந்தா எப்படி? அமுக்கு, நாள் முடியப் போகுது" என்று ஓடி வந்து அம்மா என் பையிலிருந்து போனை எடுத்து என் கையில் திணித்தாள். வெளிநாட்டு இடத்தை ஏற்கிறேன் என்ற பொத்தானை அமுக்கினேன். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்து, கடைசியில் பச்சையாக ஒரு 'வாழ்த்துகள்' வந்தது. அம்மா கரண்டியோடு என்னைக் கட்டிப் பிடித்தாள், முதுகெல்லாம் குழம்பு.

அப்போதுதான் அண்ணன் உள்ளே வந்தான். பெட்டிகளை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, கழற்றின அலமாரியைக் காலால் தட்டிப் பார்த்தான். "அப்பா, இதெல்லாம் எதுக்கு?"

"அவ கொண்டுபோறதுக்கு."

"பிளேன்ல ரெண்டு பெட்டிதான்பா விடுவாங்க."

"எந்த சைஸ் பெட்டி?"

"சூட்கேஸ்!"

அப்பா அலமாரியைப் பார்த்தார், மெத்தையைப் பார்த்தார். "மெத்தை?" என்று சின்னக் குரலில் கேட்டார். அண்ணன் சிரித்த சிரிப்பில் சுவரைப் பிடித்துக்கொண்டான். "கிளம்புறதுக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கு! அது வரைக்கும் பட்டாசு எதுல படுக்கும்?" அப்பா தலையைச் சொறிந்தார். வீடு மாற்றுவது என்றால் அவருக்கு வீட்டையே மாற்றுவதுதான். வேறு மாதிரி தெரியாது.

"மெத்தை எல்லாம் முடியாது, ஆனா மேஜை விளக்கு வேணும்" என்றேன்.

"விளக்கு அங்கயே கிடைக்கும், தலையணையக் கொண்டுபோ" என்றார்.

"தலையணை இடத்தை அடைக்கும்பா!"

"அடைக்கட்டும்! கழுத்து வலிச்சா யாரு வந்து பிடிச்சு விடுவா அங்க?"

சரியான சண்டை. இரண்டு வாரத்துக்கு அப்புறம் எனக்குப் பசித்தது.

கதவோரம் ஒரு சின்னப் பெட்டி தனியாக இருந்தது. 'முதலில் திறக்கவும்'. டேப்பைக் கிழித்தேன்.

"அதை அங்க போய்த் திறக்கணும்!" என்றார் அப்பா.

"முதல்லன்னுதானே எழுதியிருக்கு? திறந்துட்டேன்." கெட்டில், டீத்தூள், சர்க்கரை, துண்டு, என் அறை பல்பு. காகிதம் சுற்றின டம்ளர், ஒன்றல்ல, இரண்டு. "ஒரு ஆளுக்கு எதுக்குப்பா ரெண்டு டம்ளர்?"

அப்பா துண்டை மடித்து மடித்து வைத்தார். "பக்கத்து ரூம்ல யாராவது இருப்பாங்கல்ல. மொத நாளே கதவைத் தட்டிக் கூப்பிடு. தனியா உக்காந்து குடிக்காத."

நான் கெட்டிலை எடுத்துக்கொண்டு என் காலி அறைக்குள் போனேன். சுவர் பிளக்கில் சொருகினேன். கொதித்ததும் இரண்டு டம்ளரிலும் டீ ஊற்றி, ஹாலுக்கு வந்து, அப்பா முன்னால் இருந்த அலமாரிக் கதவை விரலால் தட்டினேன்.

"பக்கத்து ரூம், டீ குடிக்க வர்றீங்களா?"

வந்தார். வெறும் தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு வாய் குடித்துவிட்டு, சர்க்கரை போதவில்லை என்றார். போதும் என்றேன். போதாது என்றார். நான் குரலை உயர்த்தினேன், அவரும் உயர்த்தினார்.

"ஆரம்பிச்சிட்டாங்க" என்று ஹாலிலிருந்து அம்மா சொன்னது எங்கள் இரண்டு பேருக்கும் சரியாகக் கேட்கவில்லை.