சத்தமில்லாத பத்து மணி வகுப்பு

படிவத்தில் மொத்தம் முப்பத்திரண்டு கேள்விகள். தரமான இணையவழிக் கற்பித்தலுக்கான தகுதிகள் என்று தலைப்பு. ஒவ்வொன்றுக்கும் நேரே ‘முழுமையாக’, ‘பகுதியாக’, ‘இல்லை’ என்று மூன்று கட்டங்கள். வேதியியல் டீச்சர் முதல் நாளே மளமளவென்று முப்பதுக்கு ‘முழுமையாக’ போட்டுவிட்டாள். எல்லாவற்றுக்கும் அப்படியே போட்டால் சந்தேகப்படுவார்களே என்று இரண்டுக்கு மட்டும் ‘பகுதியாக’.

அதற்கப்புறம்தான் கடைசிப் பக்கத்தைப் பார்த்தாள். ஒவ்வொன்றுக்கும் சான்று இணைக்க வேண்டுமாம். வியாழக்கிழமை மதிப்பீட்டாளர் வகுப்புக்குள் வந்து உட்காருவாராம். போன வருஷம் இந்த மதிப்பீடு முடிந்த கையோடு இரண்டு ஆசிரியர்களை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதில் ஒருத்தி தன்னைவிட நன்றாகப் பாடம் நடத்துபவள் என்பது இவளுக்குத் தெரியும்.

“எதுக்கு இப்படி அலட்டிக்கறே? பதினோரு வருஷமா இதே பாடத்தைத்தானே நடத்தறே,” என்றார் கணவர், சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே.

“அது வகுப்பறையில. எதிர்ல முகம் இருக்கும். இங்க முப்பத்தஞ்சு கறுப்புக் கட்டம்தான் இருக்கு.”

பதினேழாம் கேள்வியில் வந்து நின்றாள். ‘மாணவர் செய்யும் தவறின் காரணத்தை ஆசிரியர் கண்டறிகிறார்.’ சான்றுக்காகப் பழைய தேர்வுத் தாள்களைத் திறந்தாள். ஒரு பெண்ணின் தாள் கண்ணில் பட்டது. வாய் திறக்காத பெண் என்பதால் ஆசிரியர்கள் தங்களுக்குள் அவளை ‘ஊமைக்கோட்டான்’ என்பார்கள். வேதிச் சமன்பாட்டைச் சமப்படுத்தச் சொன்னால், முன்னால் எண் போடுவதற்குப் பதிலாக, அவள் தண்ணீரின் வாய்பாட்டிலேயே ஆக்சிஜனுக்குக் கீழே ஒரு சின்ன ‘2’ சேர்த்திருந்தாள். கணக்கு சரியாகிவிடும். ஆனால் அது தண்ணீராக இருக்காது, காயத்தில் ஊற்றினால் நுரைக்கிற வேறு திரவமாகிவிடும். மூன்று தேர்விலும் அதே தவறு. மூன்று தாளிலும் சிவப்பில் டீச்சரின் கையெழுத்து: ‘கவனம் போதாது.’

காரணம் கண்டறிந்த லட்சணம் இதுதானா என்று அவளுக்கே கூசியது.

சொல்லிக் கொடுக்காமல் விட்டுவிட்டோமோ என்று வகுப்பின் பதிவைப் போட்டுப் பார்த்தாள். இல்லை, தெளிவாகத்தான் சொல்லியிருந்தாள். “கீழ இருக்கிற சின்ன எண்ணைத் தொடவே கூடாது. முன்னாடி இருக்கிற எண்ணை மட்டும்தான் மாத்தணும். புரிஞ்சுதா?” உடனே உரையாடல் பெட்டியில் வரிசையாக ‘எஸ் மிஸ்’. ஊமைக்கோட்டானும் போட்டிருந்தாள், கடைசி ஆளாக.

சரி, கேட்டுத்தான் பார்ப்போமே என்று அந்த வீட்டு எண்ணுக்குப் போன் செய்தாள். எடுத்தது அந்தப் பெண்தான். குரல் கிசுகிசுவென்று வந்தது.

“இருங்க மிஸ், வெளிய வந்துடறேன்.” கதவு மெல்லச் சாத்தும் சத்தம். “சொல்லுங்க மிஸ்.”

“ஏம்மா மெதுவா பேசறே?”

“அப்பா தூங்கறாங்க மிஸ். ராத்திரி காவல் வேலை. காலையில வந்து படுத்தா மதியம்தான் எழுந்திருப்பாங்க. எங்களுக்கு ஒரு ரூம்தான்.”

“அப்போ பத்து மணிக்கு என் வகுப்பை எப்படிக் கேக்கறே?”

“கேக்க மாட்டேன் மிஸ். சத்தத்தை நிறுத்திட்டுப் பார்ப்பேன். இயர்போன் மாட்டற இடம் உடைஞ்சு போச்சு. மதியத்துக்கு மேல போனை அம்மா வேலைக்கு எடுத்துட்டுப் போயிடுவாங்க. நீங்க எழுதறதை வச்சுப் புரிஞ்சுக்குவேன். எழுதாதது போயிடும்.”

“எஸ் மிஸ்னு போடறியே?”

“மத்தவங்க போடறதைப் பார்த்துட்டு நானும் போடுவேன் மிஸ். திட்டுவீங்களா?”

“இல்லம்மா,” என்றாள் டீச்சர்.

பதிவை மறுபடி போட்டாள். இந்த முறை சத்தத்தை அடியோடு நிறுத்திவிட்டுப் பார்த்தாள். ஒரு பொம்மை வாயைத் திறந்து திறந்து மூடியது. பலகையில் நாற்பது நிமிஷத்தில் ஆறு வரி. கீழே இருக்கும் எண்ணைத் தொடக் கூடாது என்பது எங்கேயும் இல்லை.

திங்கள் முதல் சொல்வதையெல்லாம் எழுதினாள். எழுதி முடித்து, பிள்ளைகள் படிக்கும்வரை வாயை மூடிக்கொண்டு காத்திருந்தாள். பாடம் ஆமை வேகத்தில் போயிற்று. படிவத்தில் இருபத்திரண்டாவது தகுதி ‘தொய்வின்றி வகுப்பு நடத்துதல்’ என்பது மனசில் உறுத்திக்கொண்டே இருந்தது. வியாழக்கிழமை மட்டும் பழையபடி கலகலவென்று நடத்திவிடலாமா என்று புதன் முழுக்க யோசித்தாள். பாழாய்ப்போன யோசனை. விடவும் முடியவில்லை.

வியாழன் பத்து மணிக்கு முப்பத்தாறாவது கட்டம் ஒன்று வந்தது. மதிப்பீட்டாளர். எழுதினாள், காத்திருந்தாள். அந்த அமைதியில் தன் மூச்சே அவளுக்குப் பெரிதாகக் கேட்டது. ஒருவன், ‘மிஸ் உங்க மைக் ஆஃப்ல இருக்கு’ என்று போட்டான். வேகமாகப் பேசிவிடலாம் போல நாக்கு துறுதுறுத்தது. பேசாமல் இருந்தாள். இருபதாம் நிமிஷம் பெட்டியில் ஒரு கேள்வி வந்தது: ‘மிஸ், முன்னாடி 2 போட்டா ரெண்டு தண்ணி, கீழ போட்டா தண்ணியே இல்ல, அப்படியா?’ போட்டவள் அந்தப் பெண். யாரையும் பார்த்துப் போட்டதல்ல. ‘அப்படியேதான்’ என்று டீச்சர் பலகையில் பெரிதாக எழுதினாள்.

வகுப்பு முடிந்ததும் மதிப்பீட்டாளர் கூப்பிட்டார். “மேடம், பதினாலு இடத்துல மௌனம். என்ன ஆச்சு?”

நடந்ததைச் சொன்னாள். அவர் இடைமறிக்காமல் கேட்டார்.

“காரணம் நியாயம்தான். ஆனா படிவத்துல இதுக்கு இடம் இல்லையே. இன்னொண்ணு, ‘ஒவ்வொரு மாணவரையும் பாடம் சென்றடைவதை உறுதி செய்கிறார்’ங்கறதுக்கு நீங்களே ‘இல்லை’ன்னு மாத்தி அனுப்பியிருக்கீங்க. நீங்களே அப்படிப் போட்டா அதுக்கு மேல நான் போட முடியாது. திருத்திக்கறீங்களா? சாயங்காலம் வரைக்கும் டைம் இருக்கு.”

“இல்ல சார், அது அப்படியே இருக்கட்டும்.”

பத்து நாள் கழித்து முடிவு வந்தது. வழக்கமான ஒரு வருஷத்துக்குப் பதில் ஆறு மாதம் மட்டும் பணி நீட்டிப்பு. அதற்குள் மறு மதிப்பீடு.

“தப்பிச்சே,” என்றார் கணவர்.

“பாதி,” என்றாள்.

மனசு ஆறவில்லை. ஒருத்தி சத்தமில்லாமல் இத்தனை மாதம் உட்கார்ந்திருந்தாள் என்றால், மற்ற முப்பத்துநாலு பேர் எப்படி உட்கார்ந்திருக்கிறார்கள்? வருகைப் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு வரிசையாகப் போன் செய்ய ஆரம்பித்தாள். முதல் மூன்று பேருக்குக் குறை ஒன்றும் இல்லை. நாலாவது பையன் சொன்னான்: “எனக்குச் சத்தம் நல்லாக் கேக்கும் மிஸ். பலகைதான் தெரியாது. ஸ்கிரீன் விரிசல்.”

டீச்சர் நோட்டில் குறித்துக்கொண்டு, ஐந்தாவது எண்ணை அழுத்தினாள்.