விலையா, வெற்றியா?

ஷார்ஜாவில் எங்களுக்கு வெள்ளிதான் ஞாயிறு; விடுமுறையும் ஆராதனையும் அன்றுதான். 2006 தவக்காலத்தில் அப்படியொரு வெள்ளியன்று சபை மண்டபத்தில் பட்டிமன்றம் வைத்தார்கள். கூட்டமா அது? ரோலா கடைவீதியே காலியாகிவிட்டது, துபாய் பஸ்கள் ஏற ஆளில்லாமல் அழுதுகொண்டு நின்றன. நடுவர் யார்? மகன் வீட்டுக்கு வந்திருந்த நானேதான். நாகர்கோவிலில் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர்.

தலைப்பு: "ஆதித் திருச்சபையின் பார்வையில் இயேசுவின் மரணம் கொடுத்த விலையா, பெற்ற வெற்றியா?" அவர் சாகவே இல்லை, செத்ததுபோலத் தோன்றியது மட்டும்தான் என்று சாதித்த மூன்றாவது கூட்டமும் அந்நாளில் உண்டு. "அதுக்கு மேடை கிடையாது" என்றுவிட்டார் போதகர். எனக்கு வருத்தம்தான். மூன்று அணி என்றால் சண்டை எப்படி இருந்திருக்கும்!

விலை அணியில் ஏசி டெக்னீஷியன் ஜெகின், குளச்சல் கடற்கரைக்காரன். வெற்றி அணியில் நர்ஸ் சுபிஷா, மார்த்தாண்டத்து வாத்தியார் மகள். ஜெகின் காலையிலேயே என் காதைக் கடித்தான்.

"அங்கிள், சுபிகிட்ட என்னையக் கெட்டிக்கிடுவியான்னு கேட்டேன். 'எதுக்கெடுத்தாலும் சரி சரின்னு மண்டைய ஆட்டுத ஆளு எனக்கு வேண்டாம். மேடையில என்னைய ஜெயிச்சுக் காட்டும், பொறவு பேசலாம்'னுட்டா. தோத்தா கலாஸ், எல்லாம் முடிஞ்சு, அங்கிள்!"

"நடுவர்கிட்டயே சிபாரிசா, லேய்?" என்றேன். உள்ளுக்குள் எனக்கு ஒரே குதூகலம்.

ஜெகின் முழங்கினான். "அநேகரை மீட்கும் பொருளாத் தன் ஜீவனைக் கொடுக்க வந்தேன்னு அவரே சொன்னாருல்லா? அடிமைய மீட்கணும்னா விலை குடுத்துத்தான் ஆகணும்!" கைதட்டலில் மண்டபத்து ஏசி பயந்து நின்றேவிட்டது.

சுபிஷா எழுந்தாள். "விலைன்னா, வாங்குனது யாராக்கும்? பிசாசா? களவாணிக்குக் கடவுள் கப்பம் கட்டுனாரோ?" ஒரே சிரிப்பு. "நாலாம் நூற்றாண்டு ஆயர் ஒருத்தர் சொல்லுதாரு: மனுச உடம்பு இரை, தெய்வத்தன்மை தூண்டில் முள்ளு. பிசாசு இரைன்னு நெனச்சு முழுங்கி மாட்டிக்கிட்டு. முள்ளு நுனியில இத்துணூண்டு இரையக் குத்தி..."

ஜெகின் துள்ளி எழுந்ததில் நாற்காலி கவிழ்ந்தது.

"ஐயோ, அப்படி இல்ல! முள்ளு பளபளன்னு வெளிய நின்னா எந்த மீனு கிட்ட வரும்? இரைக்குள்ள முழுசா மறையணும்! அவரு பசிச்சாரு, அழுதாரு, நெசமாவே செத்தாரு. துளி நடிப்பு கிடையாது. முழு மனுசனா இருந்ததாலதான் பிசாசு நம்பி வாயத் தொறந்துச்சு! சாவு அவர முழுங்கல, அவருதான் சாவோட தொண்டையக் கிழிச்சாரு!"

மண்டபமே எழுந்து ஆர்ப்பரித்தது. என் முப்பது வருஷ ரயில்வே சர்வீஸில் எந்த எக்ஸ்பிரஸும் அப்படிக் கத்தியதில்லை. விலை அணித் தலைவர் ஞானையா அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினார். "லேய், நீ எந்த அணிலே?"

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. முகம் சாம்பலாகிவிட்டது.

நான் நீதி தவறுவேனா? "வெற்றி அணிக்கே வெற்றி, ஜெகின் புண்ணியத்தில்!" என்று தீர்ப்புச் சொன்னேன். அவன் விறுவிறுவென்று வெளியேறினான். பின்னாலேயே சுபிஷா ஓடினாள். நடுவருக்கும் கடமை உண்டே; நானும் ஓடி ஒரு லேண்ட் குரூசர் காருக்குப் பின்னால் பதுங்கினேன்.

"ஜெயிக்கத்தானே வந்தீரு? எனக்கெதுக்குப் பாயின்ட் எடுத்துக் குடுத்தீரு?"

"குடுக்கல. நீ சொன்னது தப்பு. கேட்டுக்கிட்டுச் சும்மா இருக்க முடியல."

"அத்தன பேரு முன்னால நான் சொன்னது தப்புன்னு சொன்னீரு."

"சாரி, சுபி..."

"இப்ப சாரி கேட்டீருன்னாத்தான் எனக்குக் கோவம் வரும்!"

அவள் மொபைலை எடுத்து மார்த்தாண்டத்துக்கு அடித்தாள். "அப்பா, என்கிட்ட மல்லுக்கு நிக்க ஒரு ஆளு கெடச்சாச்சு. பேசுங்க" என்று அவன் கையில் திணித்தாள்.

போனைக் காதில் வைத்தவன், எடுத்த எடுப்பிலேயே ஷார்ஜாவே குலுங்குகிற அளவுக்கு "மாமா" என்றான்.