கல்யாணக் காட்சியில் இரண்டாவது வரிசை

சர்ச் ஹாலில் சினிமா போடப் போதகர் ஒரு நிபந்தனையோடுதான் ஒத்துக்கொண்டார். பாடத்துக்கு வேண்டிய காட்சி மட்டும். பாட்டு வந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும். அதைப் பார்த்துக்கொள்ள என் அப்பாவை நிற்கச் சொல்லியிருந்தார். ஹாலைப் பெருக்குவதும் மணியடிப்பதும் அப்பாதான். சினிமா பாவம் என்று வீட்டில் ரேடியோகூட வைக்காதவர்.

டேவிட் அண்ணன் பேங்க்கில் வேலை பார்த்தார். சனிக்கிழமைகளில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பொருளாதாரம் சொல்லித்தருவார். ஒன்பதாவதோடு நின்றுபோன நான், தண்ணீர்க்குடம் வைக்கிற சாக்கில் பின்னால் உட்கார்ந்துவிடுவேன். ஜூனில் என்னைத் திரும்பப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதாக அம்மா சொல்லியிருந்தாள். அதற்காகவே அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு வாடகை வீடியோ டெக்கில் ஒரு கல்யாணக் காட்சி ஓடியது. டேவிட் அண்ணன் ஒரு பட்டனை அழுத்தினார். படம் நடுங்கி நின்றது.

“சமையல்காரர் வாங்கறது கூலி. மண்டபக்காரர் வாங்கறது வாடகை. ரெண்டாவது வரிசைல பட்டு கட்டிகினு உக்காந்துருக்கற அம்மாவுக்கு இன்னா வருமானம்?”

“வட்டி சார். கழுத்தப் பாருங்க, சேட்டு கடை மாரி கீது.”

“இல்ல சார், லாபம். புருசன் மில்லு ஓனரு.”

அது என் அம்மா.

நெற்றியில் அகலமான குங்குமப் பொட்டு, கழுத்து நிறைய நகை. நூல் புடவையும் வெறும் நெற்றியுமாக அவளைப் பார்த்திருந்த யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. அப்பா சுவரோடு சுவராக நின்றார்.

“அங்கிள், நீங்க சொல்லுங்க, பாப்போம்,” என்றார் டேவிட் அண்ணன்.

அப்பா படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “கேட்டுச் சொல்றேன் தம்பி.”

பையன்கள் சிரித்தார்கள்.

வீட்டில் அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அப்பா செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“ஞானம், பட்டு கட்டிகினு கல்யாணத்துல குந்திகினு இருந்தியே, எவ்ளோ குடுத்தான்?”

முறம் நின்றது. அடி விழும், இனிமேல் அவளை வெளியே விடமாட்டார், என் படிப்பும் அவ்வளவுதான் என்று நான் கதவோரம் ஒண்டிக்கொண்டேன்.

“கம்பெனிய போன வருசமே மூடிட்டான்,” என்றாள் அம்மா தலை நிமிராமல். “ஏஜென்ட் ஒருத்தன் வடபழனி ஸ்டுடியோவுக்கு இட்டுகினு போறான், கூட்டத்துல நிக்க. ஏழையா நின்னா ஒரு நாளைக்கு நாப்பது ரூவா. பணக்காரின்னா எழுவது. பொடவ பக்கத்து வூட்டு லூர்தம்மாவோடது, நக கவரிங்கு.”

அப்பாவுக்குச் சர்ச்சில் மாதம் ஐந்நூறு. கீழே உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். ஜெபம் பண்ணுகிறார் என்று நினைத்தேன்.

“ஆம்பளைங்கள எடுக்கறானா?”

அம்மா அவரை வெறித்துப் பார்த்தாள். பிறகு, “கோட்டு இருந்தா எடுப்பான்,” என்றாள். “சர்ச்சுக்கு யாரு போவா?”

“இவ போவா,” என்று அப்பா என்னைக் காட்டினார். “பெருக்கறது, மணியடிக்கறது எல்லாம் இவளே பாத்துக்கட்டும். அந்த ஐந்நூறும் நிக்காது.”

“ஜூன்ல ஸ்கூலுக்குப் போவணும்மா,” என்றேன்.

அம்மா என் பக்கம் திரும்பவில்லை. விரல்களை மடக்கிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.