வலத்தைக்கு விட்ட இடம்

1

இந்தக் கதை எனக்கு ஒரு மாட்டின் நடையிலிருந்து கிடைத்தது. அதை மறைத்து, பஞ்சத்தைக் கண்டு மனம் பொறுக்காமல் எழுத உட்கார்ந்தேன் என்று பெருமையடித்துக்கொள்ள எனக்கு இஷ்டமில்லை. சேலை மூட்டையோடு உசிலம்பட்டிச் சந்தைக்குப் புறப்பட்ட நண்பர் சௌரிராஜனுக்குப் பேச்சுத் துணையாகப் போயிருந்தேன். அவர் மதுரையில் தறி வைத்திருப்பவர். நான் மதுரையில் கதை எழுதுகிறவன். எங்கள் இரண்டு பேருக்குமே புஞ்சை என்றால் பஸ் ஜன்னலுக்கு வெளியே ஓடுவது, அவ்வளவுதான்.

மாட்டுச் சந்தைக்குப் போகிற தெருவில், தலை பாதி நரைத்த ஒரு அம்மாள் ஒரு செவலைக் காளையை ஓட்டிக்கொண்டு வந்தார். தெரு காலியாகத்தான் கிடந்தது. ஆனாலும் காளை இடது ஓரத்துச் சுவரை உரசிக்கொண்டே நடந்தது. அதன் வலப்பக்கத்தில் இன்னொரு மாடு நடக்கிற அளவுக்கு இடம் இருந்தது. அந்த இடத்துக்குள் அது ஒரு காலைக்கூட வைக்கவில்லை.

"யாருக்கும்மா இது வழி விட்டு நடக்குது?" என்று சௌரிராஜன் வேடிக்கையாகக் கேட்டார்.

"வலத்தைக்கு" என்றார் அந்த அம்மாள். அவர் வேடிக்கையாகச் சொல்லவில்லை.

(ஏரில் இடப்பக்கம் பூட்டுகிற மாடு இடத்தை. வலப்பக்கம் பூட்டுகிறது வலத்தை. கன்றிலேயே பழக்கிவிடுவார்கள், பிறகு பக்கம் மாற்றினால் ஏர் ஓடாது. இதுகூட எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.)

அவர் பெயர் அன்னக்கொடி. மாடு விற்க வந்தீர்களா என்று கேட்டேன். இல்லையாம். தம்பி விற்றுவிட்டுப்போன வலத்தை என்றைக்காவது, எவன் கையிலாவது, இதே சந்தைக்குத் திரும்பி வராதா என்று பார்க்க வந்தாராம். வாரம் தவறாமல் வருகிறாராம். அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டே கூட நடந்தேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, இதில் ஒரு கதை இருக்கிறது என்று தோன்றியது.

2

[தொடக்கம் ஒன்று: "வானம் பொய்த்துப்போன அந்த ஆண்டில், வறண்ட பூமி வாய் பிளந்து" ... விட்டுவிட்டேன். வானம் பொய்க்கவில்லை. அந்த வருஷம் மழை பெய்தது. வினையே அதில்தான் வந்தது.]

[தொடக்கம் இரண்டு: "சோணைமுத்துவுக்கு மண்ணாசை அதிகம். கூடப் பிறந்தவள் என்றுகூடப் பார்க்காத" ... இதையும் விட்டுவிட்டேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.]

இப்படி எழுதியதையும் அடித்ததையும் அப்படியே காட்டுகிறானே என்று நினைக்காதீர்கள். யுத்த காலம். கடையில் காகிதம் கேட்டால், கேட்டவனை மேலும் கீழும் பார்க்கிறார்கள். எழுதிய தாளைக் கசக்கி எறியும் சுகமெல்லாம் போய்விட்டது. கதையை இனியாவது தொடங்குகிறேன். ஒன்று மட்டும்: சந்தையில் "அவர்" என்று மரியாதையாகப் பேசிய அம்மாளை, கதைக்குள் "அவள்" என்றுதான் எழுத வருகிறது. அவர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

3

யுத்தம் வருவதற்குச் சில வருஷங்கள் முன்பு, புரட்டாசியில் ஒரு சாயங்காலம் மழை இறங்கியது. ஒரு உழவு மழை. அதற்கு மேல் ஒரு சொட்டு இல்லை.

உசிலம்பட்டிக்கு மேற்கே அந்த ஊரில் எல்லாம் செவல்மண் மானாவாரி. கிணறு கிடையாது, கண்மாய்த் தண்ணீர் அந்த மேட்டுக்கு ஏறாது. பெய்த ஈரம் மண்ணில் நிற்கும்போதே உழுது விதைத்துவிட வேண்டும். மேற்கே இருந்து காற்று கிளம்பினால் அன்றைக்கே மண் இறுகிவிடும். அந்த நேரத்துக்குள் ஒரு சோடி மாடு ஒரு புஞ்சையைத்தான் முடிக்கும்.

அன்னக்கொடிக்கும் அவள் தம்பி சோணைமுத்துவுக்கும் ஆளுக்கொரு புஞ்சை, நடுவே ஒரு வரப்பு. ஆனால் சோடி ஒன்றுதான். அன்னக்கொடியின் புருஷன் உயிரோடு இருந்தபோது, மச்சானும் மச்சினனுமாகச் சேர்ந்து ஒரே தொழுவில் பிடித்து வந்த கன்றுகள். இடத்தை அக்கா வீட்டில் நின்றது, வலத்தை தம்பி வீட்டில் நின்றது. புருஷன் செத்தபிறகு இரண்டு புஞ்சைக்கும் சோணைமுத்துதான் ஏர் பிடித்தான். பொம்பளை கலப்பையைத் தொட்டால் மழை போய்விடும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை. ஒரு வருஷம் அக்கா புஞ்சையில் முதல் ஏர், மறுவருஷம் தம்பி புஞ்சையில். இரண்டாவது புஞ்சைக்கு இன்னொரு மழை பெய்தால்தான் உண்டு.

முந்தின வருஷம் அக்காவின் முறை. தம்பி உழுதான், விதைத்தான். கம்பு விரல் உயரம் எழுந்து, அடுத்த மழையைக் காணாமல் கருகிப்போனது.

இந்த வருஷம் மழை பெய்த மறுநாள், பொழுது கிளம்பும்போதே சோணைமுத்து இரண்டு மாட்டையும் பூட்டினான். பூட்டிய ஏரைத் தன் புஞ்சைப் பக்கம் திருப்பினான். வரப்பில் விதைப்பெட்டியோடு நின்றுகொண்டிருந்தாள் அன்னக்கொடி.

"எங்கிட்டுடா திருப்புற?"

"எம்புஞ்சைக்கு. இந்த வருசம் எம்மொறைதானக்கா."

"போன வருசம் எனக்கு என்னடா வெளஞ்சுச்சு? கதிரப் பாக்காத ஏரு ஒரு ஏரா?"

"வெளையாதது எங்குத்தமா? ஏரு எறங்குனா மொறை கழிஞ்சுச்சு. மச்சான் இருக்கையிலயும் அதுதேன்."

"மச்சான் இருந்தா இப்புடிப் பேசியிருப்பியா நீ?"

அந்த வார்த்தை சோணைமுத்துவுக்குச் சுருக்கென்று தைத்தது. மச்சான் செத்த நாளிலிருந்து அக்கா புஞ்சைக்கு அவன் கேட்காமலே ஏர் ஓட்டியவன். ஏரை நிறுத்தினான்.

"ஊர்ல யாரையாச்சும் கேப்பமா?"

"கேளேன்."

பஞ்சாயத்துப் பேசத் தெரிந்தவர்கள் எல்லாம் அவரவர் புஞ்சையில் ஏர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்துப் புஞ்சை விருமாண்டி, தலையைக்கூடத் திருப்பாமல் கத்தினார்: "ஈரம் காயிதுப்பா. எவனுதையாச்சும் ஓட்டுங்க. நாயம் பெறகு பேசிக்கிரலாம்."

அதைக் கேட்டிருக்கலாம். அன்னக்கொடி கேட்கவில்லை.

"அப்ப எம்மாட்ட அவுத்து விடு" என்றாள்.

அவன் பூட்டாங்கயிற்றை அவிழ்த்தான். அவள் இடத்தையை இழுத்துக்கொண்டு போய்த் தன் புஞ்சை ஓரத்தில் கட்டினாள். அவன் வலத்தையைத் தன் புஞ்சை ஓரத்தில் கட்டினான். வரப்புக்கு அந்தப் பக்கம் அவள் உட்கார்ந்தாள், இந்தப் பக்கம் அவன் உட்கார்ந்தான். மற்றவர் எழுந்து வந்து ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று இருவரும் இருந்தார்கள். பொழுது உச்சிக்கு வந்தது, சாய்ந்தது. சுற்றிலும் மற்றவர்கள் உழுத மண்ணின் வாசனை வந்துகொண்டிருந்தது.

4

இங்கே கொஞ்சம் நிற்கிறேன். சோணைமுத்து எனக்குப் பிடிபடவில்லை.

முதலில் அவனைப் பேராசைக்காரனாக எழுதினேன். எழுதுவதற்கு அது சுலபம். வாசகர்களாகிய உங்களுக்கும் திட்டுவதற்கு ஒரு ஆள் கிடைக்கும். எழுதியதைச் சௌரிராஜனிடம் படித்துக் காட்டினேன். அவர் முகத்தைச் சுளித்தார்.

"அந்தம்மா அப்படியா சொன்னாங்க? தம்பின்னு சொல்லும்போதெல்லாம் அழுதாங்களே" என்றார்.

உண்மைதான். அவனுக்கு வீட்டில் ஐந்து வாய். முந்தின வருஷம் அக்காவோடு சேர்ந்து அவனும்தான் பட்டினி கிடந்தான். ஊர் வழக்கப்படி முறை அவனுடையது. நியாயப்படி பார்த்தால் அவளுக்கும் கேட்க உரிமை உண்டு. இரண்டு பக்கமும் சரியாக இருக்கிற சண்டையை எழுதுவது எனக்குக் கைவராத வேலை. ஒருவரைக் கெட்டவராக்காமல் எப்படி முடிப்பது என்று தெரியாமல் பல நாள் இதைக் கிடப்பில் போட்டேன்.

சௌரிராஜன் இன்னொன்றும் கேட்டார்: "பேசித் தீத்துட்டு ரெண்டு நாள் கழிச்சு உழுதா என்னவாம்? தறியில நான் கோவிச்சுக்கிட்டு எந்திரிச்சுப் போனா, திரும்பி வர்ற வரைக்கும் நூல் அப்படியேதானே கிடக்குது?"

நூல் கிடக்கும். என் கதையும் கிடக்கும். செவல்மண் கிடக்காது.

5

ராத்திரி இரண்டு வீட்டிலும் யாரும் தூங்கவில்லை. மறுநாள் விடிந்ததும் சோணைமுத்து வலத்தையை ஓட்டிக்கொண்டு அக்கா வாசலுக்கே வந்தான்.

"மாட்ட அவு. ஒம்புஞ்சையவே மொதல்ல ஓட்டுறேன்."

அன்னக்கொடி ராத்திரி முழுக்க நினைத்து வைத்திருந்தது வேறொன்று.

"வேணாம்டா. ஒன்னுதையே ஓட்டு. நீ புள்ளகுட்டிக்காரன். நா ஒருத்தி எப்புடியும் கஞ்சி குடிச்சுக்கிருவேன்."

"நேத்து அம்புட்டுப் பேசிட்டு இன்னைக்கு என்னக்கா?"

"நேத்து பேசுனது புத்தியில்லாம பேசுனது. போ, ஒம்புஞ்சைக்குப் போ."

"நீ பட்டினி கெடக்க, நா வெதைக்கவா? நா மாட்டேன்."

"அப்ப நானும் மாட்டேன்."

நான் இதைக் கற்பனை செய்யவில்லை. இவ்வளவு தூரம் கற்பனை செய்ய எனக்குத் திறமையும் போதாது. முதல்நாள் தனக்குத்தான் என்று சண்டை போட்டவர்கள், மறுநாள் உனக்குத்தான் என்று சண்டை போட்டார்கள். இரண்டாவது சண்டையில் இருவருக்குமே பிடிவாதம் அதிகம், ஏனென்றால் அதில் இருவருக்கும் பாசம் இருந்தது. "மச்சான் இருந்தா" என்று முதல்நாள் சொன்னதற்கு அவள் அழுதாள். முறை பேசியதற்கு அவன் அழுதான். மாடுகள் இரண்டும் வாசலில் பக்கத்தில் பக்கத்தில், தாங்களாகவே, இடத்தை இடப்பக்கமும் வலத்தை வலப்பக்கமுமாக நின்றன.

கடைசியில் அவன்தான் ஜெயித்தான். அக்காவின் புஞ்சையில் ஏரை இறக்கினான். பொழுது நன்றாக ஏறிவிட்டிருந்தது. மேல்காற்று விடியும்முன்பே கிளம்பியிருந்ததை இருவரும் கவனிக்கவில்லை.

கலப்பையின் கொழுமுனை மண்ணுக்குள் போகவில்லை. மேலேயே பறண்டிக்கொண்டு போனது. அழுத்திப் பிடித்தான், கட்டி கட்டியாகப் பெயர்ந்தது. ஒரு சால் ஓட்டிவிட்டு மேழிப் பிடியிலிருந்து கையை எடுத்தான். அன்னக்கொடி குனிந்து ஒரு கட்டியை எடுத்து உடைத்துப் பார்த்தாள். உள்ளே ஈரம் இல்லை.

"ஆளுக்குப் பாதி உழுதிருந்தா ரெண்டு வீடும் அரை வயித்துக் கஞ்சியாச்சும் குடிச்சிருக்கலாமே" என்று சந்தையில் சௌரிராஜன் கேட்டுவிட்டார். கேட்டிருக்கக் கூடாது.

"இருக்கலாம்தேன் தம்பி. அன்னைக்கு எங்க ரெண்டு பேருக்கும் தோணல" என்றார் அந்த அம்மாள்.

6

அந்த வருஷம் மறுமழை இல்லை. விதைக்கு வைத்த கம்பை இரண்டு வீட்டிலும் தின்றார்கள். அது தீர்ந்ததும் சோணைமுத்து வலத்தையைச் சந்தையில் விற்றான். பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஏலமலைக்குக் கூலிக்குப் போனான். புறப்படும்போது அக்கா வாசலில் வந்து நின்று, "போயிட்டு வாரேன்க்கா" என்றான். இதுவரை வரவில்லை.

இனி முடிவு வேண்டும். மூன்று எழுதிப் பார்த்தேன்.

[முடிவு அ: அடுத்த மழைக்கு அன்னக்கொடி இடத்தையின் பக்கத்தில் தானே நுகத்தடிக்குத் தோள் கொடுத்து ... விட்டுவிட்டேன். புத்தக அட்டையில் படமாகப் போட நன்றாக இருக்கும். மாட்டின் திமிலுக்கு அந்த அம்மாளின் தோள் எட்டாது. படித்துக் காட்டினால் சிரித்திருப்பார்.]

[முடிவு ஆ: மலைக்காய்ச்சலில் சோணைமுத்து இறந்த செய்தி ... எழுதக் கை வரவில்லை. "வருவான்" என்றுதான் அந்த அம்மாள் சொன்னார். அவருக்கு இல்லாத சாவுச் செய்தியை நான் எங்கிருந்து கொண்டு வருவேன்?]

[முடிவு இ: சந்தையில் வலத்தை அகப்படுகிறது. இடத்தை அதை மோந்து பார்த்து ... சௌரிராஜனுக்கு இது பிடித்திருந்தது. எனக்கும்தான். அதனாலேயே நம்பிக்கை வரவில்லை. அகப்பட்டாலும் ஏர் பிடிக்கத் தம்பி எங்கே?]

இடத்தைக்கு வேறு சோடி சேர்க்கலாமே என்று ஊரில் பலர் சொன்னார்களாம். விருமாண்டியே தன் மாட்டைத் தருவதாகச் சொன்னாராம். "அந்தப் பக்கம் எந்தம்பிது" என்று அந்த அம்மாள் மறுத்துவிட்டார். அவருடைய புஞ்சை இன்றைக்கும் தரிசாகக் கிடக்கிறது. வரப்புக்கு அந்தப் பக்கம் தம்பியுடையதும் தரிசு.

7

நடந்ததை மாற்ற எனக்குச் சக்தி இல்லை. ஆனால் கதை எழுதுகிறவனுக்குச் சின்னதாய் ஒரு சலுகை உண்டு. அந்த மழைக்கு மறுநாள் காலையை நான் திருப்பித் தரலாம். ஒரே ஒரு முறை, காகிதம் தீர்வதற்குள். தந்துவிட்டேன்.

இதோ, புரட்டாசி மாதத்துக் காலை. மண் கருஞ்சிவப்பாக நனைந்து கிடக்கிறது. இடத்தை இடப்பக்கம், வலத்தை வலப்பக்கம். நுகத்தடி பூட்டியாகிவிட்டது. சோணைமுத்து மேழியைப் பிடித்து நிற்கிறான், ஏரை இன்னும் எந்தப் பக்கமும் திருப்பவில்லை. அன்னக்கொடி விதைப்பெட்டியோடு வரப்பில் நிற்கிறாள். இருவரும் வாய் திறப்பதற்குள், ஒருவரை ஒருவர் பார்ப்பதற்குப் பதிலாக உங்களைப் பார்க்கிறார்கள்.

எந்தப் புஞ்சை முதலில்?

நான் சொல்லமாட்டேன். நான் இதைச் சொல்லத் தெரியாமல்தான் தொடக்கம் ஒன்று, தொடக்கம் இரண்டு என்று இத்தனை தாளை ஓட்டிவிட்டேன். நீங்கள் சொல்லுங்கள். முறைப்படி தம்பியுடையதா, கதிரைப் பார்க்காத ஏருக்காக அக்காவுடையதா, ஆளுக்குப் பாதியா? எது நியாயம் என்று யோசிக்க ஆரம்பிக்காதீர்கள். அவர்களும் அதைத்தான் செய்தார்கள்.

எதையாவது சொல்லுங்கள். மேற்கே காற்று கிளம்பிவிட்டது.